நீலக் குருணை

மீன் சுத்தம் செய்ய எனக்கு வராது. செதில் சீவும்போது கை வழுக்கிவிடும். ஒருமுறை கட்டைவிரலை நன்றாகவே கிழித்துக்கொண்டேன். அதனால்தான் ஆரோக்கியசெல்வியிடம் வாங்க ஆரம்பித்தேன். சிப்பிகாட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பலகை போட்டு மீன் விற்பவள். வாங்கும் மீனைத் தானே ஆய்ந்து, கழுவி, மஞ்சள் தடவிக் கையில் கொடுப்பாள். அந்தக் குடும்பத்தோடு உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இப்படித்தான் பழக்கம்.

வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். வேண்டாம் என்றேன். வக்கீல் வந்தால் வேறு யாரோ செய்த காரியம்போலப் பேசுவார். வேலையைச் செய்தது நான், அதை விளக்கவும் என்னால்தான் முடியும். இடையில் ஏதாவது புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். பாடம் நடத்திப் பழக்கப்பட்டவள் நான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வேதியியல் படித்தவள். மெயின்லேண்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை இந்தத் தீவுக்கு அழைத்தவர் ஜம்புலிங்கம். சிப்பிகாட்டைத் தாண்டி மேட்டில், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் தனியார் கதிரூட்டு மையத்தின் மேலாளர். ஜாதிக்காய், மிளகு, கருவாடு போன்றவை கப்பலில் போகும்போது புழு வைக்காமல் இருக்க அவற்றுக்குக் கதிர் காட்டும் இடம் அது. கதிரைக் கொடுப்பது சீசியம். அதைப் பென்சில் கனத்து எஃகுக் குழாய்களில் அடைத்து ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு குழாய் கீறல் விட்டுவிட்டது. சீசியம் சமையல் உப்பைப்போலக் கரையக்கூடியது. தொட்டித் தண்ணீர் முழுவதும் கழிவாகிவிட்டது.

மையத்தை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் ஜம்புலிங்கம் தூக்கமில்லாமல் திரிந்தார். தொட்டி ஓரத்தில் நின்று, "மேடம், இந்தத் தண்ணிய எப்படியாவது பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க" என்றார். ஏதோ பால் திரிந்துவிட்டதுபோல. ஆக்கிக் கொடுத்தேன்.

எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கரைந்த சீசியம் துணியில் வடிகட்டினால் நிற்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் ஒரு நீலச் சாயம் உண்டு. ஓவியம் தீட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. அதன் படிகத்துக்குள் சின்னச் சின்னக் கூடுகள் இருக்கும். சீசியம் அந்தக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்தால் பிறகு எழுந்து வராது. சாயத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் சேறாகிவிடும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, உடைத்துச் சலித்து, அந்தக் கரியின்மேல் நீலத்தை ஏற்றினேன். அரிசி நொய் மாதிரி இருக்கும். குருணை என்று பெயர் வைத்தேன். அதை உயரமான குழாயில் நிரப்பி, மேலே கழிவு நீரை விட்டால் கீழே நல்ல நீர் வரும். நிறைந்த குருணையை சிமெண்டோடு குழைத்து டிரம்மில் ஊற்றி இறுகவிட்டால் முடிந்தது. முதலில் பிடிக்க வேண்டும், பிறகு அசையாமல் வைக்க வேண்டும். என் தொழில் இவ்வளவுதான்.

தொட்டித் தண்ணீர் தெளிந்த அன்று ஜம்புலிங்கம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துப் பாராட்டியது. அன்று மதியம் சாப்பாட்டின்போது குழுவின் தலைவரிடம் ஒரு யோசனை சொன்னேன். தண்ணீரில் இருப்பதைப் பிடிக்கும் குருணை உடம்பில் இருப்பதையும் பிடிக்காதா? விபத்தில் சீசியம் உள்ளே போய்விட்டவர்களுக்கு இதை அரைத்து மாத்திரையாகக் கொடுத்தால் குடலிலேயே பிடித்து வெளியே கொண்டுவந்துவிடும். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கு ஏற்கெனவே மருந்து இருக்கும்மா. நீங்க தண்ணியோட நின்னுக்குங்க." மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜம்புலிங்கமும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இருக்கிற மருந்தைவிட என்னுடையது நன்றாகப் பிடிக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் வேண்டுமென்றால் உள்ளே சீசியம் போன மனிதர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் லேசில் கிடைப்பதில்லை.

இப்போது குளத்துக்கு வருகிறேன். மையத்துக்குக் கீழே ஓர் ஓடை இறங்குகிறது. அது போய்ச் சேருவது ஆரோக்கியசெல்வி வீட்டுப் பின்பக்கத்துக் குளத்தில். சுனாமியின்போது தாழ்வாக இருந்த வயல்களில் எல்லாம் கடல் ஏறி, அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்று மிஞ்சியவற்றில் அது ஒன்று. குழாயில் பானி வருவதை நம்பி அங்கே யாரும் உலை வைப்பதில்லை. குளத்திலிருந்துதான் சமையல், குளிப்பு எல்லாம். பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் கொடுத்த ரோகு, கட்லாக் குஞ்சுகளை விட்டு வளர்த்திருந்தார்கள். கடலில் பிடிப்பது விற்க, குளத்தில் வளர்வது வீட்டுக்கு என்று ஆரோக்கியசெல்வி ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், குழாய்களைக் கழுவிய நீரைத் தேக்கும் கழிவுத் தொட்டி நிரம்பி ஓடையில் கொஞ்சம் வழிந்தது. அதை நான் மறுக்கவில்லை. அடுத்த நாள் கதிர் அளக்கும் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் ஒரு ரோகுவை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையை மீனுக்கு அருகில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பைக்குள் எட்டிப் பார்த்தேன், கருவியின் முள் எழுந்திருந்தது. குளத்து மீன் கடல் மீனைவிட அதிகமாகச் சீசியத்தை உறிஞ்சும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம் உண்டானது.

"மேடம், ஒரு துண்டு பொரிச்சுத் தரட்டா? இரிங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"வேண்டாம் செல்வி. எனக்குக் கடல் மீன்தான் ஒத்துக்கொள்ளும்" என்றேன்.

ஏன் அப்போதே எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். எச்சரித்து என்ன ஆகும்? மையத்தை மூடுவார்கள். குளத்துக்கு வேலி போடுவார்கள். அவர்களை எங்கேயாவது ஒரு தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பார்கள். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் பட்ட கஷ்டத்தை அவளே என்னிடம் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். இன்னொரு முறை அவளை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

வீட்டில் நான்கு பேர். கணவன் அந்தோணிமுத்து டோங்கியில் மீன்பிடிக்கப் போகிறவர். போனால் வர நாளாகும். படகிலேயே ஆக்கித் தின்பார். அவரை அளந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை, எனக்குப் பயன்படவில்லை. ஆரோக்கியசெல்வி குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு மீன் துண்டுகளை எல்லாம் பெண்களுக்கு வைத்துவிடுவாள். அவள் உடம்பிலும் சொல்லும்படி சேரவில்லை. மிச்சம் இரண்டு பெண்கள். சோபியா கல்லூரியில் படித்தாள். பிரிஸ்கில்லா பள்ளி இறுதி வகுப்பு. ஒரு சட்டிச் சோறு, ஒரு குளத்துத் தண்ணீர், ஏறக்குறைய ஒரே எடை. சோதனைக்கூடத்தில் எலிகளுக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அமைவதில்லை.

மையத்தின் சார்பாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை செய்கிறோம் என்றேன். ஆரோக்கியசெல்விக்கு ஒரே பெருமை. பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். சோபியா ஒரு முனையிலும் பிரிஸ்கில்லா மறுமுனையிலும் உட்கார்ந்தார்கள். கருவியை வயிற்றின்மேல் வைத்தபோது பிரிஸ்கில்லாவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அசையாதே என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டியது. பையிலிருந்து, குருணையை அரைத்து நானே செய்த மாத்திரைகள் இருந்த குப்பியை எடுத்து சோபியாவிடம் கொடுத்தேன். ஏன் சோபியா என்று நீங்கள் கேட்டதற்கு நேற்று பதில் சொல்லவில்லை, ஏனென்றால் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவள் என் பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"இது தினம் மூணு வேளை. ரத்தம் ஊறும்" என்றேன்.

பிரிஸ்கில்லா கையை நீட்டினாள். "ஆன்ட்டி, எனக்கு தவாய் இல்லையா?"

"உனக்கு ரத்தம் நன்றாக இருக்கிறது, உனக்கு எதற்கு."

"பாத்தியா, நான்தான் பக்கா ஃபிட்டு" என்று அக்காவை இடித்தாள்.

மாத்திரை வேலை செய்தால் மலம் நீலமாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. இரண்டாம் நாளே ஆரோக்கியசெல்வி பலகையை விட்டுவிட்டு மையத்தின் வாசலுக்கு ஓடி வந்தாள். "மேடம், பிள்ளைக்கி நீலமா போவுது. பயமா இருக்கு, மாதாவே." அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். உடம்பில் இருக்கும் அழுக்கு எல்லாம் வெளியேறுகிறது, நல்லதற்குத்தான் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அதன்பிறகு வீட்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. பிரிஸ்கில்லா அக்காவை "நீலி" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வாரா வாரம் போனேன். சோபியாவின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அழகான இறக்கம் அது. என் கருத்து சரி என்று எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் தெரிவதற்கும் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிரிஸ்கில்லாவின் அளவு ஏறியது. அவளும் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். காதில் புதுக் கம்மல் போட்டிருந்தாள். கப்பலில் வேலைக்குப் போக வேண்டும், மெயின்லேண்டுக்கும் இங்கேயும் போய்ப்போய் வர வேண்டும் என்று என்னிடம் நிறையப் பேசுவாள். எனக்குக் காப்பி பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, நான் வரும் நாட்களில் பால் எடுத்து வைக்கச் சொல்வாளாம். காப்பியை நான் குடித்ததில்லை. குளத்துத் தண்ணீர்.

பிறகு ஒரு வாரம் பிரிஸ்கில்லாவின் அளவு ஏறாமல் நின்றது. அடுத்த வாரம் இறங்கியது.

குளம் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை, மழை இல்லை. கருவியைச் சந்தேகித்தேன். இன்னொரு கருவி கொண்டுபோய்ப் பார்த்தேன், அதுவும் அப்படியே காட்டியது. அன்று ஆரோக்கியசெல்வியிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "இப்ப சின்னவளுக்கும் நீலமாத்தான் போவுது மேடம். காத்துல வர்றதா இருக்குமோ?"

சோபியாவைத் தனியே கூப்பிட்டேன். குளத்துக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டவுடன் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு மட்டும் ரத்தம் ஊறி, தங்கைக்கு ஊறாமல் போனால் எப்படி? ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"அவ பாவம் ஆன்ட்டி. ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதுன்றா. நம்ம வீட்டுல ஒரு முட்டை இருந்தாலும் ரெண்டா வெட்டித்தான் சாப்புடுவோம். இது என்ன பெரிய விஷயம்?"

எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. பல மாத உழைப்பு. ஒரு நல்ல சோதனையைப் பாசம் என்ற ஒன்று எவ்வளவு சுலபமாகக் கெடுத்துவிடுகிறது என்று அன்று புரிந்துகொண்டேன். நான் குரல் உயர்த்தவில்லை. அவள் தலையைத் தடவி, "சோபியா, இது உன் ரத்தத்துக்கு என்று செய்த மாத்திரை. உன் தங்கை ரத்தம் வேறு வகை. அவளுக்குக் கொடுத்தால் அவள் ஈரல் கெட்டுவிடும். அவளுக்கு மூச்சு வாங்குவது எதனால் என்று நினைக்கிறாய்?" என்றேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த துணி தண்ணீரில் நழுவிப் போனதுகூடத் தெரியவில்லை. "என்னாலயா ஆன்ட்டி?" என்றாள். "இனிமேல் கொடுக்காதே, சரியாகிவிடும்" என்றேன். அதன்பின் மாத்திரைக் குப்பியை நானே வைத்துக்கொண்டேன். தினமும் கல்லூரி பஸ்ஸுக்குப் போகும் வழியில் மையத்தின் வாசலுக்கு வந்து என் எதிரில் விழுங்கிவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். மாலையிலும் அப்படியே. வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். நாக்கைத் தூக்கு என்பேன். தூக்கிக் காட்டுவாள். மூன்று வேளை இரண்டானதால் கணக்கில் சிறு திருத்தம் தேவைப்பட்டது, பெரிதாக இல்லை.

பிரிஸ்கில்லாவின் அளவு மறுபடி ஏற ஆரம்பித்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. முடி கொட்டியது. ஆரோக்கியசெல்வி தேங்காய்ப் பாலில் செம்பருத்தி அரைத்துத் தடவினாள். பிறகு காய்ச்சல் விடாமல் அடித்ததால் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணு குறைந்து ஒரு பெண் வந்தால் எந்த டாக்டரும் டெங்கு என்றுதான் எழுதுவார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் பார்க்கப் போனேன். ஒரு முறை இல்லை, பல முறை. அந்தோணிமுத்து கடலில் இருந்தார். ஆரோக்கியசெல்விக்குத் துணை யாரும் இல்லை. நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்று அவளை அனுப்பிவிட்டு, போர்வைக்கு மேலே கருவியை வைத்து அளந்துகொள்வேன். பிரிஸ்கில்லா கண்ணை மூடிக்கொண்டுதான் கிடப்பாள். இப்போது கூச்சமெல்லாம் போய்விட்டது. ஒருநாள் கண்ணைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, அந்த நீல தவாய் எனக்கும் குடுங்களேன். ஈரல் போனாப் போவட்டும்."

அக்கா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

மாத்திரைகள் என் கைப்பையில் இருந்தன. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நான் எதையும் மறைப்பவள் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பை என் மடியில் இருந்தது. அந்த நிலையில் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்கலாம், இளம் உடம்பு. நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் மருந்து இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது பாதியில் நின்றுவிட்டால், மருந்து கொடுத்த பெண்ணின் அளவுக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும். இரண்டு பெண்களின் கஷ்டமும் வீண். ஒருத்தியுடையதாவது வீணாகக் கூடாது. "நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்றேன். அவள் தலையசைத்தாள். சமாதானமாகிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் நான் போனபோது ஆரோக்கியசெல்வி வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் தோளில் விழுந்தாள். "அவ உங்களத்தான் கேட்டா மேடம். ஆன்ட்டி வந்தாச்சா, ஆன்ட்டி வந்தாச்சான்னு காலைல முழுக்க உங்களத்தான் கேட்டா."

நான் அவளுக்குச் செய்த ஒரு காரியத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆரோக்கியசெல்வியே சொல்லியிருந்தாலும் அதன் பொருள் அவளுக்குத் தெரிந்திருக்காது. பிரிஸ்கில்லாவின் உடம்பு முழுக்க சீசியம். அப்படியே மண்ணில் வைத்தால் மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கும். கல்லறைத் தோட்டம் ஒரு சரிவில் இருக்கிறது, கீழே வீடுகள். மக்கள் கிணறு வைத்திருக்கிறார்கள். கழிவைக் கண்ட இடத்தில் விடுவதை என்னால் சகிக்க முடியாது.

பங்குச் சாமியாரிடம் பேசினேன். கல்லறையை நான் கட்டித் தருகிறேன் என்றேன். மையத்திலிருந்து சிமெண்டு வரவழைத்தேன். குருணையை எடுத்து வந்து என் கையாலேயே கலந்தேன். அடியில் கனமாக ஒரு தளம், நான்கு பக்கமும் சுவர், பெட்டியை இறக்கிய பிறகு மேலே முழுவதும் நிரப்பி மூடினேன். கொத்தனார், "இவ்ளோ கெட்டியா எதுக்கு மேடம், கோட்டையா கட்றோம்?" என்றார். சாந்தில் நீலம் தெரிந்ததைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் மாதாவின் நிறம் என்றார்கள். அந்தோணிமுத்து கடலிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை மாற்றக்கூட இல்லை. கல்லறை ஓரத்தில் முழங்கால் போட்டு என் காலைத் தொட வந்தார். நான் விலகிக்கொண்டேன். அந்தக் கல்லறையிலிருந்து எதுவும் கசியாது. உங்கள் ஆட்கள் தோண்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தோண்டாதீர்கள். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

சோபியாவைச் சொல்ல வேண்டும். தங்கை போன பிறகும் அவள் தினமும் மையத்தின் வாசலுக்கு வந்து மாத்திரையை விழுங்கினாள். பேச்சு நின்றுவிட்டது. நாக்கைத் தூக்கு என்றால் தூக்குவாள். ஆனால் எப்போதோ ஒருநாள் மாத்திரையைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அந்த ஒரு மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய், தங்கையைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான கார்த்திகாவிடம் காட்டியிருக்கிறாள். இது தின்றால் தங்கச்சி ஈரல் கெட்டிருக்குமா, நான் கொடுத்ததால்தான் செத்தாளா என்று கேட்கத்தான் போயிருக்கிறாள். என்மீது சந்தேகம் ஒன்றும் இல்லை. சந்தேகமெல்லாம் தன்மீதுதான். கார்த்திகா அந்த நீலத்தைப் பற்றி எங்கேயோ படித்தவள். சோபியாவிடம் விளக்கிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள், அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வந்து என்னை அழைத்துப்போவதற்கு முதல் நாள் சோபியா மையத்துக்கு வந்தாள். ஜம்புலிங்கம் தன் அறையில் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாவம் எதுவுமே தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். சோபியா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசல் பக்கத்திலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, நான் பாதி பாதி குடுத்துட்டே இருந்திருந்தா அவ இருந்திருப்பாளா?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கிறாள், பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இருந்திருப்பாள்" என்றேன்.

  அவள் பஸ் பிடிக்கப் போகிறவள்போலத் திரும்பிச் சாலையில் இறங்கி நடந்தாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. மழையில் தொட்டி வழிந்தது ஒரு தடவைதான், கொஞ்சம்தான் என்றால் ஓர் ஆள் சாகிற அளவுக்குக் குளத்தில் எப்படிச் சேர்ந்தது? சரியான கேள்வி. உங்களோடு இருக்கும் நிபுணர் கேட்கச் சொல்லியிருப்பார். முதல் தடவை சேர்ந்தது போதவில்லை. பெண்களின் அளவு கருவியில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அந்த அளவில் எதையும் நிரூபிக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனில் இருந்தபோது, நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கழிவுத் தொட்டியின் ஓடைப் பக்கத்து வால்வை நான்தான் திறந்தேன். பிறகும் திறந்தேன். குளம் சுத்தமாகத் தொடங்கும்போதெல்லாம் திறந்தேன். குருணை இறுக்கிப் பிடித்ததை எனக்கே தெரிந்த ஒரு வழியில் மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டும் ஊற்றினேன். அது சாதாரண வேலை இல்லை, வேறு யாராலும் முடியாது. மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடலாம். ஆனால் அது மழைக்குச் செய்கிற அநியாயம்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தச் சொல் போதாது. இரண்டு பெண்களுக்கும் நஞ்சு போனது, அதில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். அவளைக் காப்பாற்றியது யார் என்று யாராவது கேட்டார்களா? கல்லூரிக்குப் போகிறாள். நாளைக்குக் கல்யாணம் செய்துகொள்வாள், பிள்ளை பெறுவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாய் மாதிரி ஓர் உணர்ச்சி வரும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளும் என்றைக்காவது என்னைப் புரிந்துகொள்வாள்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். மாத்திரையை அவள் நிறுத்திவிட்டாளாம், உங்கள் பெண் காவலர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நிறுத்தக் கூடாது, உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது, அவளுக்குத்தான் ஆபத்து. மையத்தில் என் மேசை இழுப்பறையில் குப்பி இருக்கிறது, யாரையாவது விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், அவள் மேல் இருக்கும் அக்கறையில்தான் கேட்கிறேன். கொடுக்கும்போது வயிற்றில் கருவியை வைத்து, என்ன காட்டுகிறது என்று வாரம் ஒருமுறை எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.